நூற்றுக்குப் பத்து

ஜனவரி 9

அடியே ஈர்க்குச்சி,

ஏழு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை. போன் செய்திருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், போட்ட மாத்திரை வீண். கடிதம் என்றால் பிடிக்காத இடத்தில் கிழித்துப் போட்டுவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்தில் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் கல்லாவிலிருந்து எழுந்தபோது நாற்காலியில் பட்டிருந்தது. மூட்டை தூக்குகிற ஆள் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி வெளியே போய்விட்டார். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனேன். உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய். ஒரு பிள்ளை தங்காத பையில் இது வந்து குடியேறியிருக்கிறது.

இங்கே இருக்கிற சர்ஜன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்க உடம்புக்கு நெஞ்சுக்குழியிலேருந்து அடிவயிறு வரைக்கும் திறந்தாத்தாம்மா கை உள்ள போகும். அப்புறம் தையல் பிரியாம இருக்கணும். அது நம்ம கையில இல்ல." அதற்கு முன்னால் எடை போட ஏற்றினார்கள். மிஷினில் நம்பர் ஓடியது, ஓடியது, நூற்று ஐம்பதைத் தாண்டியதும் வெறும் கோடு கோடாக நின்றது. "ஆன்ட்டி, மிஷின் தாங்கல" என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வருஷமாக ஊரார் கொண்டுவரும் பழைய இரும்பையெல்லாம் நிறுத்தவள் நான். என்னை நிறுக்க முடியவில்லை.

உன் ஆஸ்பத்திரியில் வெட்டாமல் துளை போட்டே கர்ப்பப்பையை எடுக்கிறார்களாம். நீ அங்கே ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என்னைப் போன்றவர்களை மேசையில் ஏற்றுவதைப் பற்றி ஒரு கல்யாண வீட்டில் நீ சொன்ன வேடிக்கை எனக்கு மறக்கவில்லை. "வயித்தத் தூக்கிப் பிளாஸ்டர் போட்டு ஒட்டி வெப்போம். இல்லாட்டி மூஞ்சியில வந்து விழுந்துரும்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்கு வேறு என்ன வழி?

அந்த வேடிக்கைக்காரியிடம்தான் இப்போது கேட்கிறேன். துளை போட்டு எனக்குச் செய்வார்களா, மாட்டார்களா? ஒரு வரியில் பதில் போடு.

மூட்டை
(நீ வைத்த பெயர்தானே)

~

ஜனவரி 15

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வரியில் பதில் கேட்டிருக்கிறீர்கள். செய்வார்கள். மீதியை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வது என் தொழில்.

மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பு ஒரு பெண் ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கர்ப்பப்பையின் உட்பக்கத் தோல் அதைக் குடித்துக் குடித்துத் தடிக்கும். சிலருக்கு அது கெட்டுப் புற்றாகும். நீங்கள் ஆசைப்பட்டுத் தின்றது உங்களோடு நிற்கவில்லை. அதற்கும் சேர்த்து ஊட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர் சர்ஜன் சொன்னது தலைகீழ்ப் பாடம். பருத்த உடம்புக்குத்தான் பெரிய வெட்டு ஆகாது. கொழுப்பில் போட்ட தையல் நீர் வைக்கும், சீழ் வைக்கும், பிரியும். அப்படிப் பிரிந்த வயிற்றுக்குள் மாதக்கணக்கில் தினமும் துணி வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. துளை வழியாகச் செய்தால் விரல் அகலத்தில் நாலைந்து ஓட்டைகள்தான். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம். உங்களைப் போலக் கனமான வயிற்றில் நீளக் கருவியைப் பிடித்துப் பிடித்து டாக்டர் கை ஓய்ந்துபோகும் என்பதால் இங்கே ரோபோவின் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் தள்ளி உட்கார்ந்து அதை ஓட்டுவார். கீழ் வழியாகவும் எடுக்கலாம், ஆனால் நோய் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். மயக்க மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் வைத்த சின்னக் கருவியை உள்ளே பொருத்திவிடுவார்கள். அது நோயைப் பிடித்து வைக்கும். ஒழிக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் இளைத்துவிட்டு வா என்று சொல்ல இந்த நோயில் நேரமும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துளை வழியாகச் செய்ய வயிற்றில் காற்றை நிரப்பி, மேசையோடு உங்களைத் தலைகீழாகச் சாய்ப்பார்கள். அப்போதுதான் குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்து கர்ப்பப்பை கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக் கனம் முழுவதும் நுரையீரலில் இறங்கும். சாதாரண மேசை அப்படிச் சாயும்போது நூற்று அறுபது கிலோவரைதான் தாங்கும். அதற்கு மேலே என்றால் அகல மேசை வேண்டும். அது பக்கத்துக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மயக்க மருந்தின் அளவும் எடையைப் பார்த்துத்தான்.

ஆகவே உங்கள் சரியான எடை வேண்டும். எந்தத் தராசில் போட்டது என்றும் எழுதவும்.

தங்கை

~

ஜனவரி 20

அம்மா தாயே,

என்னடி இந்த "நீங்கள்"? மூக்கு ஒழுக ஒழுக உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். வார்டில் காட்டுகிற மரியாதையை என்னிடம் காட்டாதே. திட்டுவதென்றால் நீ என்றே திட்டு.

ஆசைப்பட்டுத் தின்றேனாம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார் அப்பா. காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் பித்தளை காணாமல் போகும். நீ புத்தகப் பையோடு கடை வாசலைத் தாண்டிப் போவாய், எட்டிக்கூடப் பார்க்க மாட்டாய். நான் உட்கார்ந்தே பெருத்தவள். படிக்கப் போனவளுக்கு இடுப்பு இருக்கும், நாற்காலிக்கு வாக்கப்பட்டவளுக்கு எங்கிருந்து இருக்கும்?

எடை கேட்டாய். நூற்று ஐம்பத்து மூன்று கிலோ. எந்தத் தராசு என்று கேட்டாய். நம் கடையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு. வேறு எது என்னைத் தாங்கும்? ஷட்டரை இறக்கிவிட்டு, செம்புக் கம்பிச் சுருளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏறி நின்ற பிறகு எடைக்கல்லை நகர்த்தும் தண்டு எனக்கு எட்டவில்லை. மூட்டை தூக்குகிறவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மனிதர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேதான் எடையை நகர்த்தினார். ஆனால் பழக்க தோஷம், "நூத்தியம்பத்து மூணே!" என்று வழக்கமான குரலில் கத்திவிட்டார். ஷட்டருக்கு வெளியே எவன் நின்று கேட்டானோ. இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டார், நான் போய் விளக்கை அணைத்தேன்.

எந்தத் தராசு என்று நீ எதற்குக் கேட்டாய் என எனக்குத் தெரியாதா? ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் உடம்பு கூடத்தில் கிடந்தபோது, உறவும் தெருவும் கூடியிருந்த இடத்தில், "எங்கப்பா தராசு திருட்டுத் தராசு" என்று கத்தினவள் நீ. அன்றைக்கே அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். என் தராசு நேர்மையானது. நீ போட்ட கூச்சலில் அப்புறம் எத்தனை காலம் கடைக்கு ஆள் வரவில்லை தெரியுமா?

எல்லார் தப்பையும் கத்திச் சொல்கிற வாய் உனக்கு. அந்த வாய்க்குப் பயந்துதானே உன் புருஷனும் போனார்? விருந்தாளி முன்னால் கட்டினவன் ஒரு கதை சொன்னால், ஊர் தப்பு, வருஷம் தப்பு என்று திருத்திக்கொண்டே இருந்தால் எவன் இருப்பான்?

டாக்டரை எப்போது பார்க்கலாம் என்று எழுது.

மூட்டை

~

ஜனவரி 27

அக்கா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டாய்.

என் புருஷன் போன பிறகு வீடு சுத்தமாக இருக்கிறது. அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

உன் தராசைப் பற்றி எனக்கே பாடம் சொல்கிறாயா? தண்டில் நகரும் அந்த எடைக்குள் ஓட்டை போட்டு அப்பா ஈயம் ஊற்றியபோது விளக்குப் பிடித்தவர்கள் நாம் இரண்டு பேரும்தான். விற்க வருகிறவனின் நூறு கிலோ இரும்பை அது தொண்ணூறு என்று சொல்லும். நூற்றுக்குப் பத்து. அதற்கு மேல் திருடினால் கண்ணில் படும் என்பார். அந்த ஈயத்தை நீ எடுத்திருக்க மாட்டாய். எடுத்திருந்தால் நீ இத்தனை வருஷம் கடை நடத்தியிருக்க முடியாது.

கடைக்குப் புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களை அப்பா எப்படிச் சோதிப்பார் என்று ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, தராசு காட்டுகிற எடையைக்கூடக் குறைத்து, தப்பாகக் கத்துவார். விற்க வந்தவன் முன்னால் இவன் வாயைத் திறந்து திருத்தினால் அன்றைக்கே போகச் சொல்லிவிடுவார். வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை. "வாய் இருக்கறவன் நமக்கு ஆக மாட்டான்" என்பார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறை. யாரோ ஒரு அம்மாள் ஓட்டைக் குழாய்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்டு நாற்பத்தெட்டில் நின்றது. அப்பா "நாப்பது" என்றார். அவர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "அப்பா, தப்பு, நாப்பத்தெட்டு!" என்று கத்தினேன். அடித்த அடியில் காதில் நாள் முழுக்கச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "பொய் சொல்ற கழுத" என்றார் அப்பா அவளிடம், என்னைக் காட்டி. நீ என் பக்கத்தில் நின்றாய். உனக்கும் நாற்பத்தெட்டு தெரிந்தது. நீ தரையைப் பார்த்தாய். அடி எனக்கு மறந்துவிட்டது, நீ தரையைப் பார்த்தது மறக்கவில்லை.

நான் அவர் மாதிரி ஆகக்கூடாது என்றுதான் படித்தேன். இந்த வேலையில் துணி எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் சர்ஜன் முகத்துக்கு நேராகக் கத்துவேன். பெரிய பெரிய டாக்டரெல்லாம் என்னைக் கண்டு நடுங்குவது அதற்காகத்தான்.

உன் தராசு நூற்று ஐம்பத்து மூன்று என்றால் நீ நூற்று எழுபது. சாதாரண மேசை தாங்காது. கணக்குத் தெரியாதவளா நீ?

ஒரே ஒரு வரி எழுது. "என் தராசு பொய் சொல்லும்." அவ்வளவுதான். அகல மேசை, வழுக்காமல் முதுகுக்குக் கீழே போடும் மெத்தை, மயக்க மருந்து டாக்டர் என்று எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நானே போய் டாக்டரிடம் சொன்னால் என்ன என்பாய். சொல்ல மாட்டேன். ஒன்பது வயதில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், இரண்டு தடவையும் நான்தான் பொய்க்காரி ஆனேன். இந்தத் தடவை நீ சொல்.

பிப்ரவரி 3ஆம் தேதி காலையில் வா. டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கை

~

பிப்ரவரி 5

ஈர்க்குச்சி,

வந்தேன், பார்த்தேன், திரும்பிவிட்டேன். நீ டீயைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாயே, அதற்கு நன்றி. ஆறின பிறகு குடித்தேன். உங்கள் ஆஸ்பத்திரியில் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலி. நான் உட்கார்ந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். அதனால் நின்றுகொண்டே இருந்தேன். எதிரில் இருந்த குழந்தை என்னையே பார்த்தது. அதன் அம்மா தலையை இழுத்து அந்தப் பக்கம் திருப்பினாள். குழந்தை பார்த்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

டாக்டரம்மா நல்ல மனுஷி. என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது முகம் சுளிக்கவில்லை. மடிப்பைத் தூக்கிப் புண் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை என்றதும் "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோபோவை வைத்துச் செய்யலாம் என்றார். என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். 17ஆம் தேதி காலை.

ஒரு வரி கேட்டாய். கிடையாது. உனக்கு எழுதிய எடை நூற்று ஐம்பத்து மூன்று. அதை மாற்றி உனக்கு எழுத மாட்டேன். செத்தாலும் எழுத மாட்டேன் என்று எழுதப் போனேன், இந்தச் சமயத்தில் அந்தச் சொல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அடியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு ராத்திரி அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது, நீ காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாய். "சின்னவளுக்குக் கடை சரிப்படாது. படிக்கட்டும். பெரியவ வாய மூடிக்கிட்டு நின்னா பாரு, அவளக் கல்லாவுல உக்கார வெச்சுக்கறேன்." உனக்கு ஓர் அடி கிடைத்தது, அதோடு பள்ளிக்கூடமும் கிடைத்தது. எனக்கு அடி கிடைக்கவில்லை. நம் இரண்டு பேரில் யார் அதிகம் வாங்கியது என்று நீயே நிறுத்துப் பார்.

நான் எழுதுகிறதை எழுதிவிட்டேன். உனக்கு என்ன தெரியுமோ அது உனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்.

மூட்டை

~

பிப்ரவரி 10

அக்கா,

16ஆம் தேதி மதியம் வந்து சேர்ந்துகொள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை எடுத்து வா. நகச்சாயம், மோதிரம், தோடு எதுவும் வேண்டாம். ராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது. உன்னால் முடியுமா என்று கேட்க மாட்டேன், முடிந்தாக வேண்டும்.

சொந்தக்காரர் ஆபரேஷனில் நாங்கள் நிற்கக்கூடாது என்பது இங்கே விதி. அன்றைக்கு எனக்கு வேறு கட்டடத்தில் வேலை. கதவுவரை வருவேன். உள்ளே எந்த மேசை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை.

வெட்டுவதற்கு முன்னால் மேசையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். தாங்காவிட்டால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்பலாம், இல்லை, மயக்கம் கொடுத்தாயிற்று என்று பழையபடி நீளமாக வெட்டித் திறக்கலாம். எப்படியும் தியேட்டரில் நிற்கிற அத்தனை பேருக்கும் உன் தராசைப் பற்றித் தெரிந்துவிடும். அப்போது நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அதற்கு நான் உனக்குக் கடன்பட்டவள் இல்லை. நீ வாயை மூடியது எனக்காக இல்லை.

இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இது மூன்றாவது. ஒரு வரி எழுதினால் போதும். தபாலில் போடக்கூட வேண்டாம், 16ஆம் தேதி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடு.

தங்கை

~

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து துளை. நாலு ஆறிவிட்டது, தொப்புளுக்கு மேலே இருப்பது மட்டும் கொஞ்சம் நீர் வைத்தது, அதுவும் காய்ந்துவிட்டது. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் போயாயிற்று. பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. வெளியே பரவவில்லையாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. கடையைத் திறந்துவிட்டேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றது.

துண்டுச் சீட்டு நான் கொடுக்கவில்லை. நீ கையை நீட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை, ஆனால் என் கையைப் பார்த்தாய். மறுநாள் காலையில் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாய். விட்டத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. நான் விளக்கைப் பார்க்கவில்லை, உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வாள், கதவு வந்துவிட்டதே, இப்போது யாரையாவது கூப்பிட்டுச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். "பயப்படாத" என்று மட்டும் சொன்னாய். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே அகல மேசை போட்டிருந்தார்கள்.

ஆமாம். டாக்டரம்மாவைப் பார்க்க வந்த 3ஆம் தேதியே அவரிடம் சொல்லிவிட்டேன். "எங்க கடைத் தராசு நூத்துக்குப் பத்து திருடும்மா. அது நூத்தியம்பத்து மூணு காட்டுது. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஓர் ஆளோடு என்னைக் கீழே அனுப்பினார். உங்கள் ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி மூட்டைகளை நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறதே, அதில் ஏறினேன். நூற்று எழுபது. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பாவின் கைவேலை அப்படி. திருட்டைக்கூடப் பிசகில்லாமல் செய்தவர். நீ வைத்த டீ ஆறிப்போனது அதனால்தான், நான் கீழே துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊர் பேர் தெரியாத டாக்டரிடம் சொன்ன உண்மையை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னிடம் சொன்னால் நீ ஜெயித்துவிடுவாய். நான் உயிரோடு எழுந்து வந்து உன் முகத்தில் அந்த ஜெயிப்பைக் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் காரணம். ஆனால் உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு, ஒரு வரி எழுது, இல்லாவிட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று நீ எழுதிய பிறகு, எனக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. இவள் நிஜமாகவே சொல்லாமல் இருப்பாளா என்று பார்க்க ஆசை. இந்த வாயா? புருஷனையே திருத்தி விரட்டின வாயா? துணி ஒன்று குறைந்தால் சர்ஜன் முகத்தில் கத்துகிற வாயா? கடைசி நிமிஷத்தில் கத்திவிடுவாள் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். நீ கத்தியிருந்தால், அந்தக் கதவிலேயே உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். நாற்பத்தெட்டு என்று அன்றைக்கு நானும் பார்த்தேனடி என்று சொல்லியிருப்பேன். அதற்காகத் தொண்டையில் வைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் வார்டுக்கு வந்தபோது டாக்டரம்மா சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க தங்கச்சி இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல. அன்னிக்குக் காலைல நானே நிறுத்திக் கேட்டேன், அக்கா விஷயத்துல எனக்குத் தெரியாதது எதாவது இருக்கான்னு. ஒண்ணுமில்ல மேடம்னுட்டுப் போய்ட்டாங்க."

ஒண்ணுமில்ல மேடம்.

நான் சிரித்தேன். சிரித்ததில் ஐந்து துளையும் வலித்தது. வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். எப்படியும் சாய்த்துப் பார்ப்பார்கள், எப்படியும் நிறுத்துவார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பாய். இருக்கலாம். என் உயிரை நீ கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும். மானத்தைத்தான் கேட்டாய். தியேட்டரில் பத்துப் பேர் முன்னால் நான் மேசையோடு தொங்கி, கடைத் தராசின் லட்சணம் வெளியே வர வேண்டும் என்று கேட்டாய். அதற்கு என் வயிறு கிழிந்தாலும் சரி என்று விட்டாய். மாதக்கணக்கில் துணி வைத்துக் கட்டுவதைப் பற்றி நீயே எழுதியிருந்தாய், அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது என்று. தெரிந்தேதான் விட்டாய்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ராத்திரியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த நாளெல்லாம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆனால் இன்றைக்குக் கடையில் உட்கார்ந்ததும் வேறு மாதிரி தோன்றுகிறது. இத்தனை வருஷமாக நான்தான் அவர் மகள், நீ தப்பித்துப் போனவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்மேல் பொறாமையே அதனால்தான்.

தராசு அதே இடத்தில் இருக்கிறது. ஈயமும் உள்ளேதான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் காட்ட வருவேன். அப்போது டீ வைக்க வருவதென்றால் வா.

நாலு பேர் முன்னால், கண்ணுக்கு நேராகத் தப்பான எடை. தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் மறுநாளே உன்னைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார்.

அக்கா